கடைக் கணினியில் தேங்கும் ஆதார் நகல்கள்: பழைய ஃபைல்களைத் தானாக அழிக்கும் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன?

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்த ஜெராக்ஸ் கடைக் கணினியிலும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். வளைகுடா விசாவுக்கு வந்த பாஸ்போர்ட்டின் முன்பக்கம், மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்குக் கொடுத்த வங்கிப் புத்தகம், ராமேஸ்வரம் லாட்ஜில் கேட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆதார், பொறியியல் கலந்தாய்வுக்கு ஏற்றிய மார்க் ஷீட் என எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும். வேலை முடிந்து ஆள் போய்விடுவார், ஃபைல் போகாது. அடுத்து உட்காருபவர் யாராக இருந்தாலும் அதைத் திறந்து பார்க்கலாம்.

இடமும் ஒரு தொல்லைதான். ஏ4 தாளை 300 டிபிஐ வண்ணத்தில் ஸ்கேன் செய்து பிஎம்பி என்ற சுருக்காத படமாகச் சேமித்தால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 26 எம்பி. நாற்பது பக்கம் போட்டால் ஒரு ஜிபி போயிற்று. ஸ்கேனர் அமைப்பில் ஜேபெக் அல்லது பிடிஎஃப் என்று மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் தானாக அழிக்கும் ஏற்பாடு வேண்டும்.

காசு கொடுத்து எதையும் வாங்கத் தேவையில்லை. விண்டோஸில் ஸ்டோரேஜ் சென்ஸ், ஃபார்ஃபைல்ஸ், ரோபோகாப்பி, பவர்ஷெல் நான்கும் ஏற்கெனவே இருக்கின்றன. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஃபைண்ட், சிஸ்டம்டி-டெம்ப்ஃபைல்ஸ் இரண்டும் உண்டு. இவற்றைப் பெரிய நிறுவனத்தின் சர்வரில் வைத்துப் பார்ப்பது வேறு. கரண்ட் போய்வரும், உப்புக்காற்று அடிக்கும், இரண்டு மூன்று பேர் மாறி மாறி உட்காரும் கடையில் எது தாங்கும் என்பதுதான் இங்கே அளவுகோல்.

ஸ்டோரேஜ் சென்ஸைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2017இல் விண்டோஸ் 10க்கு வந்தது. செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் கிடைக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கு 1, 14, 30, 60 நாள் என்று தேர்ந்தெடுக்கலாம். நாமாக மாற்றாதவரை 'ஒருபோதும் வேண்டாம்' என்றே இருக்கும். மறுசுழற்சித் தொட்டிக்கும் இதே நாள் தேர்வுகள் உண்டு. ஸ்கிரிப்ட் (கணினிக்கான கட்டளைத் தொகுப்பு) எழுதத் தெரியாத கடைக்கு இதைப் போட்டுவிடுவது ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மேல். ஆனால் அது பார்ப்பது விண்டோஸ் இருக்கும் டிரைவை மட்டும்தான். நம் கடைகளில் ஸ்கேன் ஃபைல்கள் போய் விழுவது பெரும்பாலும் டி டிரைவில். அங்கே இதற்கு வேலையில்லை.

ஃபார்ஃபைல்ஸ் என்ற கட்டளை பழைய ஆள். ஒரே வரியில் முடிந்துவிடும்: எந்த ஃபோல்டர், உள் ஃபோல்டர்களும் சேர்த்தா, எத்தனை நாள் பழசு, கிடைத்ததை என்ன செய்ய வேண்டும். அந்த ஒரு வரிக்குள் நான்கு பள்ளங்கள். முதலாவது, நாள் எண்ணுக்கு முன் மைனஸ் குறி விட்டுப்போனால் அதை பிளஸ் என்று எடுத்துக்கொள்ளும். இன்றிலிருந்து 30 நாள் கழித்த தேதியுள்ள ஃபைலைத் தேடும். எதுவும் கிடைக்காது, எதுவும் அழியாது, நீங்களோ அழிகிறது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். இரண்டாவது, ஃபோல்டர் முகவரியை மேற்கோள் குறிக்குள் எழுதும்போது கடைசியில் பின்சாய்வுக் கோடு இருந்தால், அது மூடும் மேற்கோள் குறியையே விழுங்கிவிட்டுப் பிழை காட்டும். மூன்றாவது, அழிக்க எதுவும் இல்லாத நாளிலும் பிழை எண் 1 தரும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் '0எக்ஸ்1' என்று பார்த்தவர் ஏதோ கெட்டுவிட்டது என்று ஏற்பாட்டையே கலைத்துப்போட்டுவிடுவார். நான்காவது, பக்கத்துக் கணினியின் பகிர்ந்த ஃபோல்டரை இரட்டைச் சாய்வு முகவரியாகக் கொடுத்தால் ஏற்காது, டிரைவ் எழுத்தாக மாற்றித்தான் கொடுக்க வேண்டும். இவற்றைச் சமாளித்துவிடலாம். இதைவிடப் பெரிய குறை வேறு: இது பார்ப்பது ஃபைல் கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியை மட்டும்.

'30 நாள் பழசு' என்றால் எதிலிருந்து 30 நாள்? கடைக்காரர் நினைப்பது கடைக்கு வந்த நாளிலிருந்து. கணினிக்கு அந்த நாள் தெரியாது. அதனிடம் இருப்பவை திருத்திய தேதி, உருவான தேதி, திறந்த தேதி என்ற மூன்றுதான். இந்த வேலையில் கெடுவதெல்லாம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கெடுகிறது.

ஒருவர் பென் டிரைவில் 2019இல் எடுத்த மகளின் மாற்றுச் சான்றிதழைக் கொண்டுவருகிறார். காப்பி செய்து டி டிரைவில் போடுகிறீர்கள். திருத்திய தேதி 2019ஆகவே இருக்கும், உருவான தேதி மட்டும் இன்றைக்கு மாறும். ஃபார்ஃபைல்ஸ் பார்வையில் அது ஆறேழு வருஷப் பழசு. அன்று இரவே காலி. மறுநாள் அவர் வந்து கேட்டால் கையைப் பிசைய வேண்டியதுதான். ஜிப்பைப் பிரித்து எடுத்த ஃபைலிலும் திருத்திய தேதி பழையதாகவே வரும்.

அப்படியானால் உருவான தேதியைப் பார்த்தால் போதுமே என்று தோன்றும். அதிலும் ஓட்டை உண்டு. ஸ்கேனர் மென்பொருள் ஒரே பெயரில் மேலெழுதினால் உள்ளிருப்பது இன்றைய ஸ்கேன், உருவான தேதியோ பழையது. பழைய ஃபைலை அழித்துவிட்டு உடனே அதே பெயரில் புதிதாகச் சேமித்தாலும் இதே கதைதான். அழித்த ஃபைலின் பெயரையும் உருவான தேதியையும் விண்டோஸ் 15 நொடி நினைவில் வைத்திருக்கும். அதற்குள் அதே பெயர் வந்தால் பழைய தேதியை எடுத்து ஒட்டிவிடும். இது பிழை அல்ல, ஃபைலைச் சேமிக்கும்போது அழித்து எழுதும் மென்பொருள்களுக்காக வேண்டுமென்றே வைத்த வசதி. நமக்குத்தான் இடைஞ்சல்.

இரண்டு தேதியும் பழையதாக இருந்தால் மட்டும் அழி என்று எழுதினால் மேலே சொன்ன எல்லாம் தப்பித்துவிடும். தப்பாதது ஒன்று உண்டு: கட் செய்து பேஸ்ட் செய்த ஃபைல். எக்ஸ்ப்ளோரரில் கட்-பேஸ்ட் செய்தால் இரண்டு தேதியும் பழையபடியே வந்துவிடும். அதனால் கடைப் பையன்களிடம் 'பென் டிரைவிலிருந்து காப்பி மட்டும்தான், கட் கூடாது' என்று சொல்லிவைக்க வேண்டும். சொல்லலாம். கூட்ட நேரத்தில் யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

அதனால் தேதியை ஃபைலிடம் கேட்காமல் ஃபோல்டரின் பெயரிடம் கேட்பதே உறுதியான வழி. வரும் ஃபைல் எல்லாம் ஒரே வரவு ஃபோல்டரில் விழட்டும். பிரவுசரின் டவுன்லோட் இடம், ஸ்கேனர் சேமிக்கும் இடம் இரண்டையும் அதற்கே திருப்பிவிடுங்கள். தினமும் காலையில் ஸ்கிரிப்ட் முந்தைய நாள் குவியலை முழுவதுமாக எடுத்து, ஓடும் நாளின் தேதியைப் பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டருக்குள் தள்ளட்டும். அழிக்கும்போது ஃபோல்டர் பெயரை மட்டும் படித்துக் கழித்துப் பார்த்தால் போதும். உள்ளே இருக்கும் ஃபைலின் தேதி 2009 ஆனாலும் கவலையில்லை.

இதைச் சிரமமில்லாமல் செய்யக்கூடியது விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல். கையில் இருப்பவற்றில் கடைக்கு ஏற்றது இதுதான் என்பது எங்கள் முடிவு. ஸ்கிரிப்டில் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் டெஸ்ட்-பாத் கொண்டு வரவு ஃபோல்டர் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே நின்றுவிட வேண்டும். அடுத்து கெட்-டேட் மூலம் இன்றைய தேதியை எடுத்து, ஆண்டு-மாதம்-நாள் என்ற வடிவில் ஃபோல்டர் உருவாக்கி, மூவ்-ஐட்டம் கொண்டு குவியலை நகர்த்த வேண்டும். பிறகு கெட்-சைல்ட்ஐட்டம் கொண்டு தேதி ஃபோல்டர்களைப் பட்டியலிட்டு, பெயரைத் தேதியாக மாற்றி, 30 நாளுக்கு முந்தையதை ரிமூவ்-ஐட்டம் கொண்டு, உள்ளே இருப்பதையும் எடுக்கும் ரிகர்ஸ் சேர்த்து அழிக்க வேண்டும். முதல் வாரம் முழுக்க ரிமூவ்-ஐட்டத்தின் வாலில் வாட்-இஃப் இருக்கட்டும். எதை அழித்திருக்கும் என்று சொல்லும், ஆனால் அழிக்காது. திரையில் வருவதை ஃபைலில் எழுதிவைக்கும் டிரான்ஸ்கிரிப்ட் பதிவைப் போட்டுவைத்தால் அந்தப் பட்டியலைச் சாவகாசமாகப் பார்க்கலாம்.

வடிவத்தை எழுதும்போது மாதத்துக்கான 'எம்' பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். சின்ன எழுத்து என்றால் நிமிடம். ஆகஸ்ட் மாத ஃபோல்டருக்கு 47ஆம் மாதம் என்று பெயர் விழுந்திருந்தால் காரணம் இதுதான். நாள்-மாதம்-ஆண்டு என்று நம் பழக்கப்படி வைத்தாலும் சிக்கல்: பெயர் வரிசையில் ஜனவரி 3 டிசம்பர் 2க்குப் பின்னால் போய் நிற்கும். பழைய பேட்ச் கட்டளை ஃபைலில், இன்றைய தேதியைத் தரும் 'டேட்' மாறியைப் பயன்படுத்துகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது விண்டோஸின் பிராந்திய அமைப்பைப் பொறுத்து மாறும். இந்தியா என்று இருந்ததை யாராவது அமெரிக்கா என்று மாற்றிவிட்டால் நாளும் மாதமும் இடம் மாறிவிடும்.

தமிழ்ப் பெயர் வைத்த ஃபோல்டர்களுக்குத் தனி எச்சரிக்கை. விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1, ஸ்கிரிப்ட் ஃபைலின் தலையில் பாம் குறி (எழுத்துமுறையைச் சொல்லும் அடையாளம்) இல்லாவிட்டால், தமிழுக்கு இடமுள்ள யூடிஎஃப்-8 என்று புரிந்துகொள்ளாமல் பழைய ஆன்சி குறியீடாகப் படிக்கும். 'வரவு' என்பது கந்தலாகிவிடும், ஃபோல்டர் இல்லை என்று பிழை வரும். பிழையோடு நின்றால் பரவாயில்லை. சிலர் முதல் வரியில் ஃபோல்டருக்குள் போகச் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் 'இங்கே இருப்பதை அழி' என்று எழுதுவார்கள். முதல் வரி தோற்றாலும் பவர்ஷெல் நிற்காது. டாஸ்க் ஷெட்யூலர் வழியாக ஓடும்போது 'இங்கே' என்பது விண்டோஸின் உயிர்நாடியான சிஸ்டம்32 ஃபோல்டராக இருக்கக்கூடும். அழிக்கும் வரியில் எப்போதும் முழு முகவரியைத்தான் எழுத வேண்டும். ஃபோல்டர் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் ஃபைல் பெயர்கள் தமிழில் இருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை.

இன்னொன்று, கடற்கரைக்கே உரிய கோளாறு. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்தாலோ, உப்புக்காற்றில் அதன் பிடி பூத்துத் தொடர்பு விட்டுப்போனாலோ, கரண்ட் போய்வந்ததும் கணினியின் தேதி பல வருஷம் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். விண்டோஸ் தானே சரிசெய்துகொள்ளும் என்று நம்பக் கூடாது. வீட்டு, கடைக் கணினிகளில் நேரம் 15 மணிக்குமேல் விலகியிருந்தால் தானியங்கி ஒத்திசைவு அதை ஏற்காமல் விட்டுவிடும். இணையதளங்கள் பாதுகாப்புச் சான்றிதழ்ப் பிழை காட்டத் தொடங்கிய பிறகே யாராவது கடிகாரத்தைக் கவனிப்பார்கள். அதற்குள் ஓடிய ஸ்கிரிப்ட், அன்றைய குவியலுக்குப் பழைய வருஷத்தைப் பெயராக வைத்திருக்கும். தேதியைத் திருத்திய மறுநாள் அந்த ஃபோல்டர் முழுக்கப் போய்விடும்.

தடுக்க வழி எளிது. ஒவ்வொரு முறை ஓடும்போதும் அன்றைய தேதியை ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிவைக்கட்டும். அடுத்த முறை கணினித் தேதி அதைவிடப் பின்னால் இருந்தாலோ, 15 நாளுக்குமேல் முன்னால் இருந்தாலோ, எதையும் நகர்த்தாமல், அழிக்காமல் நிற்கட்டும். பெருநாளைக்குக் கடையை நீளமாக அடைத்திருந்தால் அந்த டெக்ஸ்ட் ஃபைலைக் கையால் திருத்திக்கொள்ளலாம். கூடவே ஒரு உச்சவரம்பும் தேவை: ஒரே ஓட்டத்தில் மூன்று ஃபோல்டருக்குமேல் அழிக்க வேண்டியிருந்தால் நின்று பதிவில் எழுதச் சொல்லுங்கள். வழக்கமான நாளில் ஒன்றுதான் அழியும்.

ஓடவைக்கும் இடத்துக்கு வருவோம். இணையத்தில் கிடைக்கும் உதாரணங்களில் எல்லாம் இரவு 2 மணி என்று போட்டிருக்கும். அது சர்வருக்கான நேரம். நம் கடை ஒன்பது மணிக்கெல்லாம் மெயின் சுவிட்சை அணைத்துவிடும். இரண்டு மணி வேலை என்றைக்கும் ஓடாது. காலை பத்து என்று வையுங்கள். அதோடு டாஸ்க் ஷெட்யூலரின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'தவறிய வேலையை இயன்றவுடன் ஓட்டு' என்ற பெட்டியைக் கட்டாயம் டிக் செய்யுங்கள். கண்டிஷன்ஸ் பக்கத்தில் 'ஏசி மின்சாரம் இருந்தால் மட்டும் தொடங்கு', 'பேட்டரிக்கு மாறினால் நிறுத்து' இரண்டும் ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும். லேப்டாப்பில் மட்டுமல்ல, யுபிஎஸ்ஸை யுஎஸ்பி வழியாக இணைத்திருக்கும் கணினியிலும் விண்டோஸ் அதைப் பேட்டரி என்றே எடுத்துக்கொள்ளும். மின்தடை வந்ததும் வேலை பாதியில் நிற்கும். இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஸ்கிரிப்ட் ஓட மறுத்தால், ஸ்கிரிப்ட்களை அனுமதிப்பதா என்று தீர்மானிக்கும் எக்ஸிக்யூஷன் பாலிசிதான் பெரும்பாலும் காரணம். கணினி முழுவதற்கும் அதைத் தளர்த்தாமல், இந்த ஒரு டாஸ்க்கின் கட்டளையில் மட்டும் பைபாஸ் என்று கொடுத்தால் போதும்.

திறந்திருக்கும் ஃபைல் நகராது, அழியாது. வேர்டிலோ அக்ரோபேட்டிலோ யாராவது திறந்து வைத்திருந்தால் அந்த ஒன்று மட்டும் பிழை காட்டிவிட்டு மறுநாள் போகும். கவலைப்பட ஒன்றுமில்லை.

ஃபைல்களைக் காப்பி செய்யவும் நகர்த்தவும் உள்ள ரோபோகாப்பியைத் தனியாகப் பரிந்துரைக்க முடியாது, திருத்திய தேதியைத்தான் பார்க்கிறது. ஆனால் அழிப்பதற்குப் பதில் வேறு இடத்துக்கு நகர்த்தி ஒரு வாரம் வைத்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு நல்ல கருவி. 'எல்' சேர்த்தால் பட்டியல் மட்டும் காட்டும். ஒரே ஒரு விஷயம்: பூட்டிய ஃபைலைச் சந்தித்தால் 30 நொடிக்கு ஒருமுறை பத்து லட்சம் தடவை முயற்சி செய்வதுதான் அதன் இயல்பான அமைப்பு. முயற்சி 1, காத்திருப்பு 1 என்று கொடுக்காவிட்டால் மாலை வரை அதே ஃபைலின் வாசலில் நிற்கும்.

லினக்ஸ் பக்கம் நிலைமை இன்னும் நன்றாக இருக்கிறது. ஃபைல்களைத் தேடும் ஃபைண்ட் கட்டளையில் வரிசைதான் உயிர்: டெலீட் என்பது கடைசியில் வர வேண்டும். அதை நிபந்தனைக்கு முன்னால் போட்டால் நிபந்தனையைப் பார்க்கும் முன்பே எல்லாவற்றையும் அழித்துவிடும். முதலில் டெலீட் இல்லாமல் பிரிண்ட் மட்டும் போட்டுப் பாருங்கள். திருத்திய தேதியைப் பார்க்கும் எம்டைம் பிளஸ் 30 என்றால் முழு 24 மணி நேரங்களாக எண்ணி மிச்சத்தைத் தள்ளிவிடும். அதனால் உண்மையில் 31 நாள் ஆனதைத்தான் பிடிக்கும். ஒரு நாள் தள்ளிப் போகிறதே என்று குழம்ப வேண்டாம்.

சிஸ்டம்டி-டெம்ப்ஃபைல்ஸ் இதைவிடப் பக்குவமானது. ஒரு வரி அமைப்பில் ஃபோல்டரையும் 30டி என்ற வயதையும் எழுதினால் போதும். திருத்திய, திறந்த தேதிகளோடு, ஃபைலின் பதிவுக் குறிப்பு (ஐநோடு) மாறிய தேதியையும் பார்த்து எல்லாமே பழையதாக இருந்தால்தான் கைவைக்கும். பென் டிரைவிலிருந்து வந்த பழைய சான்றிதழ் இங்கே தப்பித்துவிடும். கணினி எழுந்து 15 நிமிடத்தில் ஒருமுறை, பிறகு தினம் ஒருமுறை ஓடும் என்பதால் இரவில் அணைக்கும் கடைக்கும் பொருந்தும். லினக்ஸின் பழைய நேர அட்டவணைக் கருவியான கிரான் அப்படியல்ல, கணினி அணைந்திருந்த நேரத்து வேலையை விட்டதுதான்.

எத்தனை நாள் வைப்பது? அச்சடித்துக் கொடுத்துவிட்டால் முடிந்துபோகும் வேலைக்கு இரண்டு நாளே அதிகம். இணையத்தில் விண்ணப்பம் ஏற்றிய ஆவணம் திருப்பி அனுப்பப்பட்டு மறுபடி வரலாம், அதற்கு 30 நாள். பாஸ்போர்ட் அளவுப் படம் வேறு கணக்கு. "காக்கா (அண்ணே), போன மாசம் எடுத்த போட்டோ இருக்கா?" என்று கீழக்கரையில் கேட்காத வாடிக்கையாளர் இல்லை. படங்களுக்குத் தனி ஃபோல்டர், 90 நாள். வைத்திருப்பதை அவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. 2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், நோக்கம் முடிந்தால் தரவை அழிக்க வேண்டும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் தவிர, என்கிறது.

அந்த 'வேறு சட்டம்' பிரவுசிங் சென்டர்களுக்கு உண்டு. வாடிக்கையாளர் உட்கார்ந்து இணையம் பார்க்கும் கடை என்றால், 2011ஆம் ஆண்டின் சைபர் கஃபே விதிகளின்படி பயனர் பதிவேடும் அவர் காட்டிய அடையாள ஆவணத்தின் நகலும் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும். இவை ஸ்கிரிப்ட் தொடும் ஃபோல்டருக்குள் ஒருபோதும் வரக் கூடாது. முடிந்தால் வேறு டிரைவிலேயே வைத்துவிடுங்கள்.

அழித்துவிட்டோம் என்பதாலேயே போய்விட்டது என்று அர்த்தமில்லை. ரிமூவ்-ஐட்டம் அழித்தது மறுசுழற்சித் தொட்டிக்குப் போகாது என்றாலும், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில் மீட்பு மென்பொருளால் எடுத்துவிடலாம். கணினியை விற்கும் முன்னோ பழுதுக்குக் கொடுக்கும் முன்னோ சைஃபர் கட்டளையை 'டபிள்யூ' விருப்பத்தோடு டி டிரைவின்மேல் ஓட்டுங்கள். காலி இடத்தை மூன்று சுற்று மேலெழுதும். பெரிய டிஸ்க் என்றால் பல மணி நேரம் ஆகும். வரவு ஃபோல்டர் ஒன்டிரைவில் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு) இணைந்திருந்தால், அழித்த ஃபைல் அங்குள்ள தொட்டியில் இன்னும் 30 நாள் கிடக்கும். அதை ஒத்திசைவிலிருந்து விலக்கிவிடுவதே சரி.

கடை ஃபோனை எந்த ஸ்கிரிப்ட்டும் தொடாது. வாட்ஸ்அப்பில் மறையும் செய்திகளுக்கான இயல்பு நேரத்தை 7 நாள் என்று வைக்கலாம், ஆனால் அது இனிமேல் தொடங்கும் உரையாடலுக்குத்தான் பொருந்தும். பழையவற்றுக்குத் தனியாகத் தேர்ந்தெடுத்துப் பொருத்த வேண்டும். கேலரியில் ஏற்கெனவே இறங்கிவிட்ட படங்கள் அப்படியேதான் இருக்கும். தானாக டவுன்லோட் ஆவதையும், மீடியா கேலரியில் தெரிவதையும் இரண்டையும் நிறுத்திவிட்டு, கணினி வழி வாட்ஸ்அப் வெப்பில் மட்டும் ஃபைலை இறக்குங்கள். அங்கே இறங்குவது வரவு ஃபோல்டருக்குத்தான் போகும்.